அலுமினிய உறுப்புகளுக்கு மெருகிடல்

வீட்டுப் பட்டறையில் வார்த்தோ அறுத்தோ கடைந்தோ செய்யப்பட்ட அலுமினிய உறுப்புகளின் மேற்பரப்பிலுள்ள மேடு பள்ளங்களையும் பிசிறுகளையும் கருவிகள் விட்டுச் சென்ற தழும்புகளையும் படிப்படியாக நீக்கி, இறுதியில் முகம் பார்க்கத்தக்க பிரகாசத்தையோ, ஒரே திசையில் ஓடும் நுண்கோடுகளின் மங்கிய அழகையோ அவற்றுக்கு அளிக்கும் கைத்தொழில் மெருகிடல் எனப்படும். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மூடி, மாதிரி நீராவி எந்திரத்துக்கு ஒரு சக்கரம், லேத்துக்கு ஒரு கைப்பிடி என்று செய்யப்படும் பொருள்கள் பலவிதமாயினும் அவற்றின்மேல் நடைபெறும் காரியம் ஒன்றே. பெரிய கீறலை அழிக்கச் சிறிய கீறலை உண்டாக்கி, அதை அழிக்க அதனினும் சிறியதை உண்டாக்கி, இவ்வாறே இறங்கிச் சென்று, கீறலின் ஆழம் ஒளியின் அலைநீளத்துக்கும் கீழே போய்விட்ட இடத்தில் நிறுத்துவதே அந்தக் காரியம். பளபளப்பு கடைசியில் பூசும் பசையில்தான் இருக்கிறது என்று நம்பி, அதற்கு முந்தைய படிகளை அவசரமாகத் தாண்டிவிடுகிறவர்களே பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள்.

அலுமினியம் மிருதுவான உலோகம். தாதுப்பொருள்களின் கடினத்தை நிர்ணயிக்கும் மோஸ் அளவுகோலில் அது மூன்றாம் படியைக்கூட எட்டுவதில்லை. ஆனால் காற்றுப் பட்ட கணத்திலேயே அதன்மேல் படியும் ஆக்ஸைடு ஏடு, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூடக் கனமில்லாததாயினும், குருந்தக்கல் எந்த மூலப்பொருள்களால் ஆனதோ அவற்றாலேயே ஆனது. அந்தக் குருந்தமோ மோஸ் அளவுகோலில் ஒன்பதாம் படியில், வைரத்துக்கு அடுத்து நிற்பது. பழைய சேலம் ஜில்லாவில் கிடைத்த குருந்தத்தைப் பொடித்து அரக்குடன் சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்த கல்வினைஞரும், இன்று அலுமினிய ஆக்ஸைடு பூசிய தாளைக் கடையில் வாங்கி அலுமினியத்தைத் தேய்க்கும் வீட்டுத் தொழிலாளியும் ஒரே பொருளைத்தான் பிரயோகிக்கிறார்கள் என்பதும், அந்தப் பொருள் தேய்க்கப்படும் உலோகத்தின் துருவே என்பதும் இத்தொழிலின் விநோதங்களுள் ஒன்று. மிருதுத்தன்மையால் இந்த உலோகம் விரைவில் இணங்கும். அதே மிருதுத்தன்மையால் தவறுகளும் அதில் விரைவில் பதியும்.

இவ்வுலோகத்தை வார்த்து மெருகிட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த ஆரம்பகால நிகழ்ச்சிகளுள் புகழ்பெற்றது, 1884ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் வாஷிங்டன் நினைவுத் தூபியின் உச்சியில் ஏற்றப்பட்ட சிறு கூம்பாகும். பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் பிரிஷ்மத் என்பவர் வார்த்த அது 100 அவுன்ஸ் எடையுள்ளது. அலுமினியம் வெள்ளிக்கு நிகராக விலைபோன அக்காலத்தில், அதனை நியூயார்க்கின் டிஃபானி நகைக்கடையில் காட்சிக்கு வைத்திருந்தபோது, தூபியின் உச்சியைத் தாண்டியவர் என்று பெருமை கொள்ளும் பொருட்டு மக்கள் அதன்மேல் தாண்டிக் குதித்தார்களாம். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரோல்ட்டும் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறை விலையைச் சரித்துவிட, சில ஆண்டுகளுக்குள் அது பாத்திரக்கடைச் சரக்காயிற்று. சென்னைக் கலைத்தொழிற் கல்லூரியில் 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கியது இந்த மலிவின் பயனேயாகும். வீட்டுப் பட்டறையில் வார்ப்பு நுழைந்ததற்கோ வேறொரு காரணமும் உண்டு. 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும் உலோகத்துக்குக் கரி அடுப்பும் ஊதுகுழலும் போதும். அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஜிஞ்சரி 1980 முதல் வெளியிட்ட சிறு நூல்களில், பழைய அலுமினியத்தைக் கரியடுப்பில் உருக்கி லேத் முதலிய எந்திரங்களையே வார்த்துக்கொள்ளும் வழியை விளக்கினார். இன்று பல நாடுகளில் வீட்டுக் கொல்லையில் அலுமினியம் உருக்குகிறவர்களில் கணிசமானோர் அவருடைய மாணாக்கர்களே என்று சொல்லலாம்.

மெருகு எவ்வளவு ஏறும் என்பதைக் கைத்திறனுக்கு முன்பே உலோகக் கலவை தீர்மானித்துவிடுகிறது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய பிஸ்டனை உருக்கி வார்த்தால் அதில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் இருக்கும். சிலிக்கான் துகள்கள் அலுமினியத்தைவிட மிகக் கடினமானவையாதலால் தேய்க்கையில் அவை நிற்க, சுற்றியுள்ள மிருதுவான உலோகம் மட்டும் குழிந்துபோகும். எவ்வளவு பாடுபட்டாலும் கிடைப்பது சாம்பல் படர்ந்த பிரகாசமே. ஜன்னல் சட்டங்களுக்காக அச்சில் பிதுக்கி எடுக்கப்படும் கலவையில் மக்னீசியமும் சிலிக்கானும் தனித்தனியே ஒரு சதவீதத்துக்கும் குறைவாதலால் அது நல்ல கண்ணாடியாகும். 1906இல் ஜெர்மானியர் ஆல்பிரட் வில்ம் கண்டறிந்த, சுமார் 4 சதவீதம் செம்பு கலந்த டியூராலுமின் எல்லாவற்றையும்விடச் சுலபமாகக் கடையவும் மெருகிடவும் இடங்கொடுப்பது. ஆயினும் அதிலுள்ள செம்பு காரணமாக ஈரக்காற்றில் விரைவில் மங்கிவிடும். ஆகவே பிஸ்டன் வார்ப்பைக் கண்ணாடியாக்க முயன்று நாளை வீணாக்குவதைக் காட்டிலும், அதற்கு மங்கிய கோட்டு மெருகே தகுந்தது என்று தொடக்கத்திலேயே நிச்சயித்துக்கொள்வது நலம்.

மண் அச்சிலிருந்து வெளிவந்த வார்ப்பின் மேல்தோலில் மணல் துகள்கள் புதைந்திருக்கும். நல்ல அரத்தை இதன்மேல் முதலில் ஓட்டுவது அரத்தின் பற்களைக் கெடுப்பதாகும். பழைய அரமோ கம்பி பிரஷோ கொண்டு தோலை நீக்கிய பிறகே புதியதை எடுக்கவேண்டும். தோலுக்குக் கீழே வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்தும் புகையிலிருந்தும் ஹைட்ரஜன் வாயுவை ஏராளமாக உட்கொள்ளும். உறைந்த அலுமினியமோ அதில் மிகச் சொற்பத்தையே தாங்கும். ஆகவே உறையும் வேளையில் வெளியேற வழியில்லாத வாயு குண்டூசித் தலையளவும் அதனினும் சிறிதுமான குழிகளாக உள்ளே தங்கிவிடுகிறது. உறைகையில் உலோகம் 6 சதவீதத்துக்கு மேல் கன அளவில் சுருங்குவதால் ஏற்படும் பொந்துகளும் இவற்றோடு சேரும். கரடுமுரடான வார்ப்பில் கண்ணுக்குப் புலப்படாத இக்குழிகள் மெருகு ஏற ஏற ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மேலும் தேய்த்தால் பழைய குழி மறைந்து புதுக்குழி திறக்கும். பஃப் எனப்படும் துணிச் சக்கரத்தால் குழியின் விளிம்பை இழுத்து மூடிவிட முயல்வோரும் உண்டு. அவ்வாறு மூடிய இடம் சில மாதங்களில் வால்நட்சத்திரம் போல நீண்ட கறையாகத் தெரியும். இதற்கு மருந்து உருக்கும்போதே உண்டு: காய்ந்த உலோகம், காய்ந்த கருவிகள், அவசியத்துக்கு மேல் சூடேற்றாமை.

சமன்செய்யும் வேலையில் பெரும்பகுதி அரத்துக்கு உரியது. அலுமினியச் சீவல் எஃகுச் சீவல் போல் உதிர்ந்து விழாமல் அரத்தின் பற்களுக்கிடையே அப்பிக்கொள்ளும்; அப்பிய துணுக்கு அடுத்த தள்ளலில் உழுகொழுவாகி, ஒரு மணி நேரத்து உழைப்பின்மேல் ஆழ்ந்த பள்ளம் ஒன்றைக் கீறிவிடும். இதைத் தவிர்க்க அரத்தின்மேல் சாக்குக்கட்டியை நன்றாகத் தேய்த்துக்கொள்வதும், சில தள்ளல்களுக்கு ஒருமுறை கம்பி பிரஷால் பற்களின் போக்கிலேயே துடைப்பதும் வழக்கம். பற்கள் அகலமாகவும் பிறைபோல் வளைந்தும் வெட்டப்பட்ட அரம் கிடைத்தால் அதுவே அலுமினியத்துக்கு உத்தமம். இல்லாதவிடத்து ஒற்றை வரிசைப் பல்லுள்ள அரம் போதும். உறுப்பை வைஸில் பிடிக்கும்போது தாடைகளுக்கு மரத்துண்டையோ அலுமினியத் தகட்டையோ உறையாக இடாவிட்டால், மெருகிட்ட பக்கத்தில் வைஸின் பல் தடம் பதிந்துவிடும். கரடு நீங்கியபின் அரத்தை இரு கைகளாலும் குறுக்கே பிடித்து, உறுப்பின் நீளவாட்டில் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்ப்பது இதன் நுட்பமான பாகம். இம்முறையில் பரப்பு தட்டையாவதோடு கோடுகள் யாவும் ஒரே திசைக்கு வந்துவிடுவதால், அடுத்து வரும் தாள் வேலை பாதியாகக் குறையும்.

எஃகைச் சாணைபிடிக்கும் சாதாரணச் சாணைச் சக்கரத்தில் அலுமினியத்தை ஒருபோதும் பிடிக்கலாகாது. உலோகம் உருகிச் சக்கரத்தின் துளைகளை அடைக்க, வெட்டும் சக்தி இழந்த சக்கரம் சூடேறும். ஒருபுறம் பாரம் ஏறி வெடித்துச் சிதறுவதும் சாத்தியமே.

அரத்துக்குப் பின் உப்புத்தாள். தாளின் எண் உயர உயர மணி சிறுத்துக்கொண்டே போகும். ஐரோப்பிய அளவுமுறையில் 80ஆம் எண் தாளின் மணி சுமார் 0.2 மில்லிமீட்டர் என்றால், 1200ஆம் எண்ணில் அது 15 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கே. 1891இல் எட்வர்டு அச்சிசன் உண்டாக்கிய சிலிக்கான் கார்பைடு பூசி, கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்கப்படும் கருந்தாளே அலுமினியத்துக்குப் பொருத்தமானது; அதை நீரில் சிறிது சோப்புக் கலந்தோ மண்ணெண்ணெயிலோ நனைத்துத் தேய்த்தால் துகள் அடைக்காமல் வழிந்தோடும். 120, 180, 240, 320, 400, 600 என்று ஏறிச் செல்லும் வரிசையில் ஒவ்வொரு தாளையும் முந்தையதற்குச் செங்குத்தான திசையில் ஓட்டவேண்டும். அப்போதுதான் பழைய கோடு ஒன்றேனும் எஞ்சியிருந்தால் குறுக்கே தெரியும். கோடுகள் மறைந்த பின்னும் அதே தாளால் மேலும் சற்றுநேரம் தேய்ப்பது விவேகம். ஏனெனில் கீறலின் அடியில் நசுங்கிய உலோகம் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் சிறிது ஆழம் வரை பரவியிருக்கும். தாளை வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விளிம்புகள் உருண்டு, துளைகளின் வாய் அகன்று, தட்டையாக இருக்கவேண்டிய முகம் சோப்புக்கட்டியின் சாயலைப் பெறும். தட்டை முகத்துக்குக் கண்ணாடிப் பலகைமேல் ஒட்டிய தாளும், வளைவுக்கு மரக்கட்டையில் சுற்றிய தாளும் அவசியம். அதிகப் பளபளப்புள்ள ஆனால் விளிம்பு மழுங்கிய உறுப்பைவிட, 400ஆம் எண்ணோடு நின்றுவிட்ட, கோணங்கள் கூர்மையான உறுப்பே நல்ல வேலை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குச் செல்லுமுன் உறுப்பையும் கையையும் மேசையையும் கழுவுவது அற்பக் காரியமாகத் தோன்றலாம். மிருதுவான உலோகத்தில் புதைந்து நின்ற ஒரே ஒரு பெருமணி பிந்தைய படிகள் அனைத்தையும் கெடுக்க வல்லது.

மெருகு என்பது உண்மையில் என்ன என்ற வினா விஞ்ஞானிகளை நெடுங்காலம் மயக்கியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பைல்பி, தேய்க்கப்படும் பரப்பு திரவம்போல் வழிந்து பள்ளங்களை மூடிக்கொள்கிறது என்று வாதித்தார். 1937இல் பௌடனும் ஹியூஸும், தேய்க்கும் பொருளின் உருகுநிலை தேய்க்கப்படுவதன் உருகுநிலையைவிட உயர்ந்திருந்தாலே மெருகு ஏறுகிறது என்று காட்டி, உராய்வுச் சூட்டுக்கு முதன்மை கொடுத்தார்கள். பின்னர் ஆஸ்திரேலியரான லெனார்ட் சாமுவேல்ஸ் நுண்ணோக்கியின் துணைகொண்டு, மெருகிடுதலும் நுண்மணிகள் உலோகத்தைச் செதுக்குவதே என்று பெருமளவுக்கு நிலைநாட்டினார். பட்டறைக்காரருக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்றுண்டு: வழிந்து மூடும் என்று நம்பி ஆழ்ந்த கீறலை பஃபுக்கு விட்டுவைக்கலாகாது.

பஃப் என்பது துணி வட்டங்களை அடுக்கித் தைத்த சக்கரம். 6 அங்குலச் சக்கரம் நிமிஷத்துக்கு 2,800 முறை சுழன்றால் அதன் விளிம்பு நிமிஷத்துக்கு சுமார் 4,400 அடி வேகத்தில் ஓடும்; வீட்டு வேலைக்கு இது போதும். நெருக்கமாகத் தைத்த கெட்டிச் சக்கரத்தில் திரிபோலி என்னும் பழுப்புக் கட்டியைத் தடவி முதல் சுற்றும், தையல் குறைந்த மெல்லிய சக்கரத்தில் வெண்ணிற அலுமினிய ஆக்ஸைடு கட்டியால் இரண்டாம் சுற்றும் நடைபெறும். ஒன்றில் தொட்ட கட்டியை மற்றதில் தொடலாகாது. உறுப்பைச் சக்கரத்தின் மையத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து, சக்கரம் விளிம்பை நோக்கி வராமல் விளிம்பைவிட்டு விலகி ஓடும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் துணி விளிம்பைக் கவ்வி உறுப்பைக் கையிலிருந்து பறித்துத் தரையில் அறைந்துவிடும். நூல் கையுறையும் தொங்கும் சட்டைக்கையும் இங்கே ஆகா. அலுமினியம் சூட்டை விரைவாகக் கடத்துவதால் தேய்க்கும் இடத்துச் சூடு சீக்கிரமே பிடித்திருக்கும் விரலுக்கு வந்துசேரும். விரல் பொறுக்காத அளவு சூடு என்பது சக்கரத்தை மிகுதியாக அழுத்துகிறோம் என்பதற்கு அறிகுறி. மிஞ்சிய பசையை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவி, மிருதுவான துணியால் உடனே துடைக்கவேண்டும்.

இத்தொழிலின் மெய்யான அபாயம் தூசியில் இருக்கிறது. நுண்ணிய அலுமினியத் தூள் காற்றில் மிதக்கையில் ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும் இயல்புடையது. இரும்புத் துருவோடு கலந்த அலுமினியத் தூள், ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1890களில் தண்டவாளம் பற்றவைக்க வழிகாட்டிய தெர்மிட் கலவையே ஆகும். ஆதலின் எஃகைச் சாணைபிடித்த எந்திரத்திலும் அதன் தூசிப் பையிலும் அலுமினியத் தூசி சேரவிடலாகாது. தூள் தீப்பற்றினால் நீர் ஊற்றுவது கேடு; நீரைப் பிளந்து ஹைட்ரஜனை விடுவிக்க வல்ல அந்நெருப்புக்கு உலர்ந்த மணலே தக்கது.

கண்ணாடி மெருகு ஒன்றே வழியன்று. சிறு உறுப்புகள் பலவற்றைக் கூழாங்கற்களோடு பீப்பாயிலிட்டு மணிக்கணக்கில் உருட்டுவதுண்டு. சுழலும் மரக்குச்சியின் முனையில் தேய்ப்புப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு வட்டங்களை வரிசையாகப் பதிப்பது மற்றொரு அலங்காரம். 1927இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய விமானத்தின் மூக்குப்பகுதித் தகடுகளில் அவ்வட்டங்களை இன்றும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் காணலாம். கீறலை மறைப்பதைவிட அதையே கோலமாக்குவது என்ற வகையில் இது புத்திசாலித்தனமான உபாயம். எரிசோடாக் கரைசலில் சிறிதுநேரம் முக்கினால் பரப்பு சீரான வெண்மங்கலாகும். செம்பும் சிலிக்கானும் மிகுந்த கலவையிலோ அது கறுத்த படலத்தை விடும்.

மெருகு ஏறிய அலுமினியம் இரும்பைப் போல் துருப்பிடித்து உதிர்வதில்லையாயினும், கைவியர்வையாலும் உப்புக்காற்றாலும் மெல்ல மங்கும். வீட்டில் இதற்கு மெழுகுப் பூச்சு போதும். அடிக்கடி தொடப்படும் உறுப்பில் அதை அவ்வப்போது புதுப்பிக்கவேண்டியிருக்கும். நிலைத்த காப்பு வேண்டுவோர் கந்தக அமிலக் கரைசலில் உறுப்பை நேர்மின்வாயாக்கி, இயற்கை ஏட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கனமான ஆக்ஸைடு படலத்தை வளர்க்கும் ஆனோடைசிங் முறையை நாடுகிறார்கள். படலம் ஒளியை ஊடுருவ விடுவதாதலால் அதன் அடியிலுள்ள கீறல்கள் மறைவதில்லை. படலம் வளர்ந்தபின் தேய்த்துத் திருத்தப் புகுந்தால் படலமே போய்விடும் என்பதால், மெருகு வேலை முழுவதையும் தொட்டியில் இறக்குவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள்.