டைப்-சி கேபிள்: நன்மைகளும் குறைகளும்

ஒரு காலத்தில் வீட்டில் நான்கு போன் இருந்தால் நான்கு விதமான சார்ஜர் இருக்கும். நோக்கியாவுக்கு மெல்லிய பின், மற்றவற்றுக்கு மைக்ரோ யுஎஸ்பி, ஐபோனுக்கு லைட்னிங். இந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்ததுதான் யுஎஸ்பி டைப்-சி. இதன் வரையறை 2014-ல் வெளியானது. 2023-ல் ஐபோன் 15-ம் இதற்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதலும், சவூதி அரேபியா 2025 ஜனவரி முதலும் புதிய போன்களுக்கு இதைக் கட்டாயமாக்கியுள்ளன.

ஆனால், முனை ஒன்றாகிவிட்டதே தவிர, அதன் வழியாகச் செல்லும் மின்சாரமும் வேகமும் ஒன்றாகிவிடவில்லை. இதை அறியாததால்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள்.

நன்மைகள்

1. மேல், கீழ் பார்க்க வேண்டியதில்லை. எப்படிச் செருகினாலும் பொருந்தும். இருட்டில் தலைகீழாக அழுத்திப் போனைப் பழுதாக்கும் தொல்லை இல்லை.

2. போன், லேப்டாப், இயர்போன் அனைத்துக்கும் ஒரே சார்ஜர் போதும். தொடக்கத்தில் 100 வாட் வரை இருந்த மின்திறன், 2021-ல் வந்த புதிய விதிப்படி 240 வாட் வரை உயர்ந்துள்ளது. பயணத்தில் சுமையும் குறைகிறது.

3. சார்ஜ், கோப்புப் பரிமாற்றம், டிவியில் படம் காட்டுவது என மூன்றையும் ஒரே முனை வழியாகச் செய்யலாம். ஆனால் எல்லாப் போன்களிலும் இந்த மூன்றும் இருப்பதில்லை.

குறைகள்

1. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு கேபிள்களில் ஒன்று விநாடிக்கு 480 மெகாபிட் வேகத்திலும், மற்றொன்று 40 ஜிகாபிட் வேகத்திலும் இயங்கலாம். போன்களும் அப்படியே. ஐபோன் 15-ன் வேகம் 480 மெகாபிட். அதே முனை கொண்ட 15 புரோவின் வேகம் 10 ஜிகாபிட்.

2. சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கேபிளுக்குள்ளேயே ஒரு சிப் இருக்க வேண்டும். அதனால் விலையும் கூடுகிறது.

3. சில போன் நிறுவனங்களின் அதிவேக சார்ஜிங், அவற்றின் சொந்த சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான் முழுமையாக வேலை செய்யும்.

4. விலை மலிவான டார்ச், டிரிம்மர் போன்ற சிலவற்றில் செலவைக் குறைக்க ஒரு சிறு ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள். அவை இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. பொருள் பழுது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள்.

5. சிறிய துளைக்குள் 24 பின்கள் இருப்பதால், சட்டைப் பையின் தூசு சேர்ந்தால் இணைப்பு தளரும். ஈரம் இருக்கும்போது சார்ஜ் போடக்கூடாது.

வாங்கும்போது கவனிக்க

அட்டையில் எத்தனை வாட், எவ்வளவு வேகம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் எழுதாத கேபிளைத் தவிர்ப்பதே நல்லது. போனுக்கு சார்ஜ் போட மட்டும் என்றால் 60 வாட் கேபிளே பெரும்பாலும் போதுமானது. லேப்டாப்புக்கு 100 வாட் அல்லது அதற்கு மேல் பாருங்கள். வீட்டில் நல்ல சார்ஜர் இருக்கும்போது புதிதாக இன்னொன்று வாங்குவது வீண்விரயமே. இருப்பதையே எல்லோரும் பயன்படுத்தலாம் என்பதுதானே டைப்-சி-யின் நோக்கம்!