பழைய வால்வு ஆம்பிளிஃபயர்: சுவிட்சைப் போடும் முன்

தாத்தா காலத்து வால்வு ஆம்பிளிஃபயர் ஸ்டோர் அறையிலிருந்து வெளியே வந்ததும், பலர் உடனே பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டுவிடுகின்றனர். பல ஆண்டுகள் சும்மா கிடந்த பெட்டி பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான் பாழாகிறது.

இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் மல்லார்ட் நிறுவனம் தயாரித்த இஎல்34 வால்வுகளுக்கு இன்றும் மவுசு குறையவில்லை. பழைய வால்வு கையில் கிடைத்தால் முதலில் கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சைப் பார்க்க வேண்டும். அது பளபளத்தால் நல்லது. பால்போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி உதவாது.

நீண்ட நாள் கிடந்த வால்வுக்குள் சிறிதளவு வாயு சேர்ந்திருக்கலாம். அதனால் உயர் மின்னழுத்தம் தராமல், ஹீட்டருக்கு மட்டும் அதற்குரிய 6.3 வோல்ட் கொடுத்து ஒரு நாள் எரியவிடுவது பலரது வழக்கம். தேய்ந்துபோன வால்வு இதனால் உயிர்பெறாது.

உண்மையில் வால்வைவிடக் கண்டென்சர்களே அதிகம் பயமுறுத்துபவை. பழைய காகிதக் கண்டென்சர் கசிந்தால், வால்வின் கிரிட்டில் இருக்க வேண்டிய நெகட்டிவ் அழுத்தம் குறைந்துவிடும். மின்னோட்டம் எகிறி பிளேட் செக்கச் சிவக்கும். அப்படியே விட்டால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடும். சில ரிங்கிட் கண்டென்சரை முன்கூட்டியே மாற்றலாம். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, மின் இணைப்பில் தொடராக ஒரு குண்டு பல்பைச் சேர்ப்பது பழைய மெக்கானிக்குகளின் உத்தி. பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் உள்ளது என்று பொருள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பிளிஃபயரை ஓட்டவும் கூடாது.

இஎல்34இன் பிளேட் தாங்கும் உச்சம் 25 வாட். பழைய வால்வுக்கு அதில் 70 விழுக்காடு, அதாவது 17.5 வாட் போதும். பிளேட்டில் 425 வோல்ட் இருந்தால், பாட்டு ஓடாத நிலையில் சுமார் 41 மில்லிஆம்பியர் என்று கணக்கு.

சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, தகுந்த ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காமல், வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு செல்வதே நல்லது.