லினக்ஸ் கருனியின் பிணைய இயக்கிகளும் கம்பைலர் எச்சரிக்கைகளும்

கம்பைலர் எச்சரிக்கை என்பது, நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர், ஐயத்துக்குரிய வரிகளைச் சுட்டிக்காட்டும் செய்தி ஆகும். பிழை இருந்தால் நிரல் உருவாகாது. எச்சரிக்கை இருந்தாலும் உருவாகிவிடும். அதனால் எச்சரிக்கைகள் கண்டுகொள்ளப்படாமல் கிடப்பதுண்டு. இயங்குதளத்தின் மையமான கருனியில், அதாவது கெர்னலில், இந்த அலட்சியம் கணினி முழுவதையும் பாதிக்கும்.

பைட் வரிசை

பிணைய அட்டைக்கும் கருனிக்கும் இடையே தரவைக் கைமாற்றும் நிரல் பிணைய இயக்கி ஆகும். இணைய நெறிமுறைகளில் எண்ணின் உயர்மதிப்பு பைட் முதலில் செல்லும்; இன்டெல் வகைச் செயலிகள் தாழ்மதிப்பு பைட்டை முதலில் வைக்கும். வரிசையை மாற்றாமல் படித்தால் 80 என்ற போர்ட் எண் 20480 ஆகிவிடும். இக்கலப்பைக் கண்டறிய, லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய 'ஸ்பார்ஸ்' என்ற சோதனைக் கருவி உதவுகிறது. அதன் எச்சரிக்கையை வகைமாற்றம் எழுதி அடக்கிவிடலாம்; ஆனால் உரிய இடத்தில் பைட் வரிசையை மாற்றுவதே தீர்வு.

2009: டன் இயக்கி

'டன்' என்பது வி.பி.என். இணைப்புகளுக்குப் பயன்படும் மெய்நிகர் பிணைய இயக்கி. லினக்ஸ் 2.6.30 பதிப்பில் இந்த இயக்கி ஒரு சுட்டியை முதலில் பயன்படுத்திவிட்டு, அது வெற்றுச் சுட்டியா எனப் பிறகே சோதித்தது. பயன்படுத்தப்பட்ட சுட்டி வெற்றாக இருக்காது எனக் கொண்ட ஜிசிசி கம்பைலர், அந்தச் சோதனையை ஓசையின்றி நீக்கியது. இதன் வழியே சாதாரணப் பயனர் முழு அதிகாரம் பெறலாம் என்பதை 2009 ஜூலையில் பிராட் ஸ்பெங்லர் செய்துகாட்டினார். சோதனை முன்னுக்கு நகர்த்தப்பட்டது. இத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்கும் கட்டளை சேர்க்கப்பட்டது.

எச்சரிக்கையே பிழையாதல்

2019இல், 'பிரேக்' இல்லாமல் அடுத்த பகுதிக்குள் நிரல் செல்வதைச் சுட்டும் எச்சரிக்கை கருனி முழுவதற்கும் இயக்கப்பட்டது. அதற்கு முன் குஸ்தாவோ சில்வா உள்ளிட்டோர் அத்தகைய இடங்களைப் படித்து, எது தவறுதல், எது வேண்டுமென்றே விடப்பட்டது எனப் பிரித்தனர். 2021 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் அமைப்பை இயல்பாக்கினார். பல இடங்களில் கருனி உருவாகாமல் நின்றதால், சில நாள்களில் அது சோதனைக் கட்டமைப்புகளுக்கு மட்டும் என வரையறுக்கப்பட்டது.

தென்சென்னையில்

தாம்பரத்தை அடுத்த குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் உள்ளது. அதுவும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005 முதல் கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. அம்முயற்சியில் உருவான பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளியானது. அது டெபியன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது.

பிறர் எழுதிய நிரலைத் தொகுத்து வழங்குவோருக்கு டெபியனின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 2006இல் நினைவகச் சோதனைக் கருவியின் எச்சரிக்கையைப் போக்க, ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலின் சில வரிகள் டெபியனில் நீக்கப்பட்டன. எச்சரிக்கை மறைந்தது, ஆனால் அதன்பின் உருவான மறைவிசைகள் எளிதில் ஊகிக்கத்தக்கவை ஆயின. 2008 மே மாதம்தான் இது வெளிப்பட்டது. எச்சரிக்கையை நீக்குமுன், அந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று அறிவது கருனி நிரலாளரின் முதல் கடமையாகக் கருதப்படுவது இதனால்தான்.