தனி ஆளா, அமைப்பா?

நிரலாளர் தனித்து உழைப்பதா, நிறுவனத்தில் சேர்வதா? 1962இல் இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி இதற்குச் செயலால் பதில் தந்தார். நாஜிகளிடமிருந்து தப்பி, ஐந்து வயதில் அகதியாக வந்தவர். பெண் என்பதால் வேலையிடத்தில் உயர வழியில்லை. ஆறு பவுண்டு முதலில் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' தொடங்கினார். திருமணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்ட பெண்கள் வீட்டிலிருந்தே நிரல் எழுதினார்கள்.

அவர் பெயரில் போன கடிதங்களுக்குப் பதில் இல்லை. 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டதும் கதவு திறந்தது. பெயர் பார்த்துக் கதவடைப்பது நமக்கும் புதிதல்லவே! கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கும் இந்தப் பெண்கள் நிரல் எழுதினார்கள். பின்னாளில் ஊழியர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள்.

தனித்தனி வீடுகளில் உழைத்தார்கள். ஆனால் தனித்தனியாக வேலை தேடி அலையவில்லை. ஒதுக்கும் நிறுவனத்துக்கு மாற்று தனிமை அல்ல, தோழர்களே. நாமே கட்டும் அமைப்பு.