எது முந்திரி, எது கேக்?

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் முந்திரி கேக் கிண்டுவார்கள். பெயர்தான் கேக். மைதா இல்லை, முட்டை இல்லை, ஓவன் என்ற ஒன்று அந்த வீட்டிலேயே கிடையாது. வெள்ளை வெளேரென்று தட்டில் உறைந்து கிடக்கும். அதே நாளில் பெட்டிக்கடை பாட்டிலில், வெல்லப்பாகில் மூழ்கிப் பழுப்பேறிய வேர்க்கடலைச் சதுரங்களுக்கு 'கடலை பர்பி' என்று பெயர். சீட்டுகளை யாரோ இடம் மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்பது என்னுடைய பழைய சந்தேகம்.

பாரசீகத்தில் பர்ஃப் என்றால் உறைபனி. இந்தியிலும் உருதுவிலும் ஐஸ் கட்டிக்கும் அதே சொல்தான். பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்துக் கிளறித் தட்டில் பரப்பினால் வெள்ளையாக இறுகும். அந்த வெண்மையைப் பார்த்து வைத்த பெயர் பர்ஃபி என்பார்கள். தெற்கே இறங்கி வருகையில் முதலில் 'ஃ' உதிர்ந்தது, அப்புறம் பாலும் வெண்மையும் உதிர்ந்தன. தட்டில் கொட்டிப் பரப்பி வில்லை போட்டது எதுவானாலும் பர்பி என்ற அளவில் பொருள் நின்றுவிட்டது. தேங்காய் பர்பியாவது பனிக்குக் கொஞ்சம் நியாயம் செய்கிறது. கடலை பர்பியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

கோவில்பட்டியில் போய் பர்பி என்றால் ஏற்க மாட்டார்கள். அங்கே அது கடலை மிட்டாய். 2020இல் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தப் பெயரில்தான். யாழ்ப்பாணத்துத் திருவிழாக் கடைகளிலோ கச்சான் அல்வா என்று ஒன்று விற்பார்கள். கச்சான் என்றால் வேர்க்கடலை. திருநெல்வேலி அல்வாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அல்வா என்ற அரபுச் சொல்லுக்குப் பொருளே இனிப்பு என்பதால் யாழ்ப்பாணத்தாரைக் குறை சொல்ல வழியில்லை. கடலையின் பெயரும் ஊருக்கு ஊர் வேறு. விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். பிலிப்பைன்ஸின் மணிலா, மணிலாக்கொட்டை ஆகி, வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆனது.

கேக் வடக்கத்திக் கடல்காரர்களின் பழைய நார்ஸ் மொழிச் சொல். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்து, ஓவனில் வேகாத பண்டத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. கடலை மாவு, தேங்காய்த் துருவல், பால், நெய் ஆகியவற்றில் தலைக்கு ஒரு கப்பும் சர்க்கரை மூன்று கப்பும் போட்டுக் கிண்டினால் அதற்கும் செவன் கப் கேக் என்று பெயர். மைசூர்பாகின் தங்கைக்குக் கிறிஸ்துமஸ் உடுப்பு மாட்டியது போல இருக்கும்.

இவையெல்லாம் சின்ன விஷயம். பெரிய குழப்பம் முந்திரியில் இருக்கிறது.

மரம் பிரேசிலுடையது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்து மேற்குக் கரையில் இறக்கினார்கள். பிரேசில் பூர்வகுடிகளின் துப்பி மொழியில் அகாஜு. அது போர்த்துகீசிய வாயில் காஜு ஆனது. இந்தியும் சிங்களமும் அதை அப்படியே வாங்கிக்கொண்டன. மலையாளிகள் கசுமாவு என்றார்கள், பறங்கிமாவு என்றும் சொன்னார்கள்: பறங்கிக்காரன் கொண்டுவந்த மாமரம். தெலுங்கில் ஜீடிமாமிடி. ஜீடி என்பது சேங்கொட்டை. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயும் சேங்கொட்டையைப் போலவே தோலைப் பொசுக்கும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். தாவரவியல்படி மா, சேங்கொட்டை, முந்திரி மூன்றும் ஒரே குடும்பம். அண்டை வீட்டார் இருவரும் புதுச் செடியைப் பார்த்த மாத்திரத்தில் சரியான உறவுக்காரர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

நாம்தான் அதற்குத் திராட்சையின் பெயரைக் கொடுத்தோம். முந்திரிகை என்றால் பழந்தமிழ் அகராதிகளில் திராட்சைக்கொடி. வடமொழி மிருத்வீகாவின் திரிபு என்பர். கொடிமுந்திரி என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இலங்கைத் தமிழர் இந்தச் சிக்கலை ஒழுங்காகத் தீர்த்துக்கொண்டார்கள்: முந்திரிகை என்றால் திராட்சை, மரமுந்திரிகை என்றால் கொட்டை. குமரி மாவட்டத்தில் இந்த வம்பே வேண்டாமென்று அண்டிப்பருப்பு என்றுவிடுகிறார்கள். மற்றபடி நம்மிடம் கொட்டை பெயரை முழுசாகப் பிடுங்கிக்கொண்டதால், பழம் திராட்சை என்ற இன்னொரு வடசொல்லுக்குக் குடிபெயர்ந்தது. மளிகைக் கடையில் பாயசத்துக்கு 'முந்திரி திராட்சை' என்று ஒரே பொட்டலமாக வாங்குகிறோமே, பழைய அகராதிப்படி அது 'திராட்சை திராட்சை'.

கொட்டை பழத்துக்கு முந்தித் துருத்திக்கொண்டிருப்பதால் முந்திரி ஆயிற்று என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் நிற்காது. கொட்டை கப்பலேறுவதற்கு வெகு காலம் முன்பே சொல் இங்கே இருந்தது.

அதுவும் இரண்டு பொருளில் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் முந்திரி ஒரு கீழ்வாய் எண். காணி 1/80, அரைக்காணி 1/160, அதிலும் பாதி முந்திரி, 1/320. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரிகை வரை இறங்கி, அதற்கும் கீழே போகிறது. கணக்கு முந்திரிக்கும் கொடி முந்திரிக்கும் உறவு உண்டா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முந்திரிப் பருப்பு வியாபாரத்தில் அதிகம் புழங்கும் தரத்தின் பெயர் டபிள்யூ 320. ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் என்று அர்த்தம். அதாவது ஒரு முந்திரி ஏறத்தாழ ஒரு பவுண்டில் ஒரு முந்திரி. தற்செயல்தான். பண்ருட்டி மண்டியில் யாரும் எண்சுவடியைப் பார்த்துத் தரம் பிரிப்பதில்லை.

கேக்குக்கு அந்த 320 தேவையில்லை. எப்படியும் பொடிக்கப் போகிறோம், உடைந்த பருப்பே போதும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொண்டு பொடி களிம்பாகிவிடும். பொடி இரண்டு கப், சர்க்கரை ஒரு கப், அது மூழ்கத் தண்ணீர். இங்கே வந்ததும் சொற்கள் சட்டென்று கறாராகிவிடும். பிசுக்குப் பதம் ஜாமூனுக்கு. ஒற்றைக் கம்பி முந்திரி கேக்குக்கு. தண்ணீரில் விட்ட பாகு உருட்டினால் உருளும் தக்காளிப் பதம் அதிரசத்துக்கு. உருட்டிய பாகைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று கேட்பது பொரி உருண்டைக்கும் கடலை மிட்டாய்க்கும். பர்பியா கேக்கா என்று ஊருக்கு ஊர் தகராறு உண்டு. ஒற்றைக் கம்பி எது என்பதில் தகராறு கிடையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் இழை இழுபட்டு அறாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பண்டிகைக் காலத்தில் வீட்டில் கிண்டும் ஃபட்ஜ் இதன் தூரத்து உறவு: சர்க்கரை, பால், வெண்ணெய், மேலே வால்நட்டோ பீக்கன் கொட்டையோ. அவர்கள் பாகை 115 டிகிரி செல்சியஸ் அருகே கொண்டுபோவார்கள், நம் தக்காளிப் பதம் மாதிரி. பிறகு கரண்டி போடாமல் ஆறவிட்டு, அப்புறம்தான் அடித்துக் கிளறுவார்கள். சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய படிகமாகி நறநறக்கும். 1886இல் பால்டிமோரில் அது பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்றதை வாசர் கல்லூரி மாணவி எமிலின் ஹார்ட்ரிட்ஜ் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1888இல் கல்லூரி ஏலத்துக்காக அவரே 30 பவுண்டு கிண்டினார். சொல் மிட்டாயைவிட மூத்தது. ஃபட்ஜ் செய்வது என்றால் ஒப்பேற்றுவது. பாகு பதம் தப்பிய ஒரு நாளில் யாரோ ஒப்பேற்றியதால் வந்த பெயர் என்று கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் அடுப்பங்கரை தெரிந்தவர் கட்டிய கதை.

ஒரு வருஷம் எங்கள் வீட்டில் பாகு கம்பிக்கு வரும் முன்பே முந்திரிப் பொடியைக் கொட்டிவிட்டோம். வாணலியில் சுருண்டு வர வேண்டியது வரவேயில்லை. நெய் தடவிய தட்டில் ஊற்றி, விசிறியடியில் வைத்து, ராத்திரி முழுக்கக் காத்திருந்தும் கத்தி போட்ட கோடு மெல்ல மூடிக்கொண்டது. காலையில் அம்மா அதைத் திரும்பவும் வாணலியில் வழித்துப் போட்டு, ஒரு கரண்டி நெய்யும் இரண்டு ஏலக்காயும் சேர்த்து, சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து வைத்தாள். எதிர்வீட்டு மாமி வந்து, "என்னடி இது, புதுசா இருக்கே?" என்றாள்.

"முந்திரி அல்வா மாமி" என்றாள் அம்மா, கண்ணைச் சிமிட்டாமல்.