முகமது பின் துக்ளக் (திரைப்படம்)

முகமது பின் துக்ளக், 1971ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் அரசியல் நையாண்டித் திரைப்படமாகும். சோ ராமசாமி, 1968இல் மேடையேறிய தமது நாடகத்தைத் தழுவி இதனை இயக்கி, துக்ளக்காகவும் நடித்தார். எம். எஸ். விசுவநாதன் இசையமைத்தார்.

கல்லறையிலிருந்து மீண்டவர்களாகத் துக்ளக்கும் இப்னு பதூதாவும் தோன்றுகின்றனர். உண்மையில் இருவரும் வேடதாரிகள். தேர்தலில் வென்று பிரதமராகும் துக்ளக், ஆதரவளிக்கும் உறுப்பினர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி வழங்குகிறார். இந்தியா, ஆங்கிலமா என்ற பூசலுக்குப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கித் தீர்வு காண்கிறார். இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கீழப்பழுவூரைச் சேர்ந்த சின்னசாமி, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்தது 1964இல்; அந்நினைவு ஆறாத காலத்தில் இது வெறும் சிரிப்பு அன்று. வேடம் கலைக்க வேண்டிய வேளையில் துக்ளக் பதவியை விட மறுக்கிறார். உண்மையைச் சொல்ல முயலும் பதூதாவுக்கு எதிராக மக்களையே திருப்பிவிடுகிறார்.