சரக்குப் போக்குவரத்து முன்கணிப்பு (சிங்கப்பூர்)

ஒரு நகரத்துக்குள் வரும் சரக்கு, அங்கிருந்து வெளியேறும் சரக்கு, அதன் வழியே கடந்து செல்லும் சரக்கு ஆகியவற்றின் அளவையும், அவற்றைச் சுமக்கும் கப்பல், லாரி, விமானம் ஆகியவற்றின் போக்கையும் முன்கூட்டியே கணக்கிடும் துறை. துறைமுகத்தில் எத்தனை கப்பல்களுக்கு இடம் கட்டுவது, எந்தச் சாலையை அகலப்படுத்துவது, கடைத்தொகுதியில் சரக்கு இறக்க எவ்வளவு இடம் விடுவது போன்ற முடிவுகளுக்கு இதுவே அடிப்படை. சிங்கப்பூரில் இத்துறைக்கு இரண்டு கிளைகள் உண்டு. கடல்வழிச் சரக்கின் கணக்கு இரு நூற்றாண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் கிடைக்கிறது. தெருவில் ஓடும் சரக்கின் கணக்கு மிகவும் பிந்தியது.

தொடக்க காலம்

1819-இல் தீர்வையற்ற துறைமுகமாகத் தொடங்கிய சிங்கப்பூரில் சுங்கவரி இல்லை. ஆகவே சரக்கைத் துல்லியமாக எண்ணவேண்டிய கட்டாயமும் குறைவு. 1820களிலிருந்து வணிகப் புள்ளிவிவரங்கள் உள்ளன. வணிகர்கள் தாமே கொடுத்த விவரங்களைப் பெரிதும் சார்ந்தவை என்பதால் ஆய்வாளர்கள் அவற்றை எச்சரிக்கையோடு கையாளுகின்றனர்.

நங்கூரமிட்ட கப்பலுக்கும் சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிட்டங்கிகளுக்கும் இடையே தொங்கான்களில் சரக்கு ஏற்றிச் சென்றவர்களில் சூலியர்கள் முன்னணியில் இருந்தனர். இவர்கள் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். பிற்பாடு இத்தொழில் சீனர் கைக்குப் போனது. எந்தப் பத்தாண்டில் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆற்றை ஒட்டிய சூலியா தெரு இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

நிலத்தில் மாட்டு வண்டிகள் ஓடின. சரக்கு மட்டுமன்றிக் குடிதண்ணீரும் அவற்றில்தான் வந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய தாழ்நிலத்தில் மேய்ச்சலும் நீரும் இருந்ததால் மாட்டு வணிகம் அங்கே வேர்விட்டது. கண்டாங் கெர்பாவ், பஃபலோ ரோடு போன்ற பெயர்களும், கால்நடை வணிகர் பெலிலியோஸின் பெயரைத் தாங்கிய சாலையும் அக்காலத்தவை. இன்றைய லிட்டில் இந்தியாவின் தொடக்கம் ஒரு வகையில் சரக்குப் போக்குவரத்தின் தொடக்கமும்கூட: வண்டிக்கு மாடு, மாட்டுக்குத் தீவனம், அதைச் சுற்றி வேலையாட்கள், அவர்களுக்குக் கடைகள்.

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864-இல் தோன்றியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பெருகின. 1905-இல் அரசு அந்நிறுவனத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. இழப்பீட்டு வழக்கு நடுவர் தீர்ப்பாயம் வரை போய், நிறுவனத்துக்கு ஏறக்குறைய 28 மில்லியன் நீரிணை டாலர் கிடைத்தது. நிறுவனம் கேட்டது அதைவிட மிக அதிகம். நடந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலுக்கு விலை வைப்பதென்றால் அதன் வருங்கால வருமானத்தையும் மதிப்பிட்டாக வேண்டும். அந்த வகையில், துறைமுகச் சரக்கின் எதிர்காலம் குறித்து இங்கே நடந்த முதல் பெரிய வாதமாக இதைக் கொள்ளலாம்.

துறைமுக வாரியம் 1913-இல் அமைந்தது. ஜோகூர் பாலத்தின் மீது சரக்கு ரயில்கள் 1923-இல் ஓடத் தொடங்கின. ஜப்பானியர் ஆட்சிக் காலம் (1942–45) பற்றி இத்துறையில் குறிப்பிடத்தக்க தரவு இல்லை.

கொள்கலன் முடிவு, 1964–1982

சிங்கப்பூரின் சரக்கு முன்கணிப்பு வரலாற்றில் அதிகம் எழுதப்பட்ட பகுதி இது. 1964 ஏப்ரல் 1 அன்று துறைமுக ஆணையம் (பிஎஸ்ஏ) உருவானபோது, கப்பல் சரக்கு இன்னும் மூட்டையும் பெட்டியும் பீப்பாயுமாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு கப்பலைக் காலிசெய்யப் பல நாள்கள் ஆகும். தொழிலாளர் கும்பல்கள் முறைவைத்து இறங்குவர். அமெரிக்காவில் மால்கம் மக்லீன் 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ கப்பலில் 58 கொள்கலன்களை நெவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பியிருந்தார். அந்த முறை அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவுக்கு வழக்கமான சேவையாக வந்தது 1966-இல்தான்.

அதே 1966-இல் சிங்கப்பூர் தஞ்சோங் பகாரின் கிழக்கு லகூன் பகுதியில் புதிய துறைமுகப் பகுதி கட்ட உலக வங்கியிடம் கடன் பெற்றது. தொகை சுமார் 15 மில்லியன் அமெரிக்க டாலர். முதலில் மனத்தில் இருந்தவை வழக்கமான பொதுச்சரக்குக் கப்பல்களுக்கான இடங்கள். பிறகு திட்டம் கொள்கலன் கப்பல்களுக்கு மாற்றப்பட்டது. இவ்வட்டாரத்துக்குக் கொள்கலன் கப்பல்களை அனுப்புவதாக எந்தக் கப்பல் நிறுவனமும் அப்போது உறுதி அளித்திருக்கவில்லை. கடந்த ஆண்டுகளின் சரக்குக் கணக்கை நீட்டிப் பார்க்கும் எந்தச் சூத்திரமும் இங்கே உதவாது. கடந்த ஆண்டுகளில் கொள்கலன் எண்ணிக்கை ஏறக்குறையச் சுழியம்.

சூழலும் நிலையாக இல்லை. 1967 ஜூனில் மூடிய சூயஸ் கால்வாய் 1975 வரை திறக்கவில்லை. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளும் முடிவை விரைவுபடுத்தியது. படைத்தளங்களை நம்பியிருந்த பல்லாயிரம் பேருக்கு வேலை தேடவேண்டிய நிலை.

முடிவின் பெருமை யாருக்கு என்பதில் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. துறைமுக ஆணையத் தலைவராக இருந்த ஹவ் யூன் சோங்கின் துணிச்சலைப் பல குறிப்புகள் முன்வைக்கின்றன. வேறு சில, கடன் ஏற்கெனவே கையில் இருந்ததையும் தளமூடலின் நெருக்கடியையும் காரணமாகச் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம்.

1972 ஜூன் 23 அன்று ‘எம்.வி. நிஹோன்’ என்ற கப்பல் ராட்டர்டாமிலிருந்து 300 கொள்கலன்களோடு தஞ்சோங் பகாரை வந்தடைந்தது. பெயர் ஜப்பானியமாக இருந்தாலும் அது சுவீடன் நிறுவனத்தின் கப்பல். தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் இப்படி வேலையைத் தொடங்கியது.

திறப்புக்கு முந்திய ஆண்டில் ஆணையம் வைத்திருந்த மதிப்பீடு, பத்தாண்டு கழித்து ஆண்டுக்கு 190,000 முழு அளவுக் கொள்கலன்கள் வரும் என்பது. அன்று அதுவே மிகையாகத் தோன்றியது. 1982-இல் துறைமுகம் கையாண்டது 1 மில்லியனுக்கும் மேல். பிந்திய எண் பொதுவாக இருபதடி அளவுக்கு நிகரான அலகில் (டிஇயு) சொல்லப்படுகிறது. நாற்பதடிப் பெட்டி அதில் இரண்டாகும். எனவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வகுத்துப் பார்ப்பது பொருந்தாது. அலகை எப்படிச் சரிசெய்தாலும் கணிப்பு குறைவாகவே இருந்தது என்பதில் ஐயமில்லை.

பிறர் கையில் உள்ள எண்கள்

1990-இல் 5.22 மில்லியன் அலகுகளோடு சிங்கப்பூர் உலகின் மிகப் பரபரப்பான கொள்கலன் துறைமுகமானது. 1984-இல் போர்ட்நெட், 1989 ஜனவரி 1 அன்று டிரேட்நெட் எனக் கணினி வலையமைப்புகள் வந்தபின், காகிதத்தில் நாள்கணக்கில் அலைந்த அனுமதிகள் நிமிடங்களில் முடிந்தன. கூடவே, முன்கணிப்போருக்கு நாள்தோறும் தரவும் சேர்ந்தது.

தரவு பெருகியதால் கணிப்பு எளிதாகிவிடவில்லை. இங்கே இறங்கும் கொள்கலன்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு வேறொரு கப்பலில் ஏறி வேறு நாட்டுக்குப் போகின்றன. அவற்றின் போக்கைச் சிங்கப்பூரின் மக்கள்தொகையோ தொழில் வளர்ச்சியோ தீர்மானிப்பதில்லை. ஒரு கப்பல் நிறுவனத்தின் ஒரே முடிவு தீர்மானிக்கும். 2000-இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் இடைமாற்று வேலையை ஜோகூரின் தஞ்சோங் பெலப்பாசுக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2002-இல் எவர்கிரீனும் பின்தொடர்ந்தது. 2000-இல் சுமார் 17 மில்லியனாக இருந்த அளவு 2001-இல் 15.6 மில்லியனுக்கு இறங்கியது. இதில் உலகப் பொருளாதார மந்தத்தின் பங்கு எவ்வளவு, மெர்ஸ்க் விலகியதன் பங்கு எவ்வளவு என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 2008-இல் 29.9 மில்லியனாக ஏறி, 2009-இல் 25.9 மில்லியனாகச் சரிந்தது.

தெருக்கணக்கு

ஐக்கிய நாட்டு அமைப்பின் உதவியோடு 1967 முதல் 1971 வரை நடந்த மாநில, நகரத் திட்ட ஆய்வு விரைவுச்சாலைகளுக்கும் பெருவிரைவு ரயிலுக்கும் வழிவகுத்தது. அதன் அக்கறை பெரிதும் மக்களின் பயணம் பற்றியது. 1975 ஜூனில் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் விதிக்கப்பட்டபோது சரக்கு வாகனங்களுக்கு விலக்கு இருந்தது. 1989-இல்தான் அவையும் சேர்க்கப்பட்டன. 1990-இல் வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் சரக்கு வாகனங்களுக்குத் தனிப்பிரிவு கிடைத்தது. 1998-இல் தொடங்கிய மின்னியல் சாலைக் கட்டணத்தில் கனரக லாரிக்குக் காரைப்போல் ஒன்றரை மடங்கு, மிகக் கனரக வாகனத்துக்கு இரு மடங்கு. இவை லாரிகளைக் கட்டுப்படுத்தும் விதிகள். எந்த லாரி, எதை, எங்கே, ஏன் கொண்டுபோகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

 

லிட்டில் இந்தியா இக்கேள்வியின் சிக்கலைத் தெளிவாகக் காட்டும் பகுதி. 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமான பின் அதன் கடைவீடுகளை இடித்து அகலமான இறக்கு தளம் கட்ட வழியில்லை. ஒரே லாரி காலையில் தேக்காச் சந்தையில் காய்கறி, டன்லப் தெருவில் மளிகை, பிறகு வேறு பேட்டை எனப் பல இடங்களில் நின்று போகிறது. கார்ப் பயணத்தைப்போல ‘வீட்டிலிருந்து அலுவலகம்’ என்று அதை எழுதிவிட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து சாங்கி வழியே விமானத்தில் வரும் மல்லிகை எடையில் அற்பம். டன் கணக்கு மாதிரியில் அது தெரியவே தெரியாது. ஆனால் சில மணி நேரம் தாமதித்தால் அதன் மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். தீபாவளிக்கு முந்திய வாரங்களின் நெரிசலோ ‘சராசரி வேலைநாள்’ என்ற கணக்குக்குள் அடங்குவதில்லை.

மாதிரிகள்

உலக அளவிலும் சரக்கு மாதிரிகள் பயணி மாதிரிகளுக்குப் பின்தங்கியே வந்தன. அமெரிக்கா 1993-இல் சரக்கு ஓட்டக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு எவ்வளவு அளவில், எந்த வழியே அனுப்பப்படுகிறது என்ற முடிவுகளைத் தனித்தனியே கணக்கில் கொள்ளும் முறையை கெரார்ட் டி யாங்கும் மோஷே பென்-அகிவாவும் 2007-இல் வெளியிட்ட கட்டுரை முன்னெடுத்தது. நார்வே, சுவீடன் மாதிரிகள் அதைச் சார்ந்தவை.

அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் ‘ஸ்மார்ட்’ ஆய்வு மையத்தை அமைத்தது. 2010-இல் அதன் நகரப் போக்குவரத்துக் குழு வேலையைத் தொடங்கியது. பென்-அகிவா அதில் முக்கியப் பங்கு வகித்தார். லாரிகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன செய்தார் என்று ஓட்டுநரையே கேட்டு நிரப்பும் கணக்கெடுப்பை அக்குழு நடத்தியது. கருவி லாரி நின்றதை மட்டும் சொல்லும். சரக்கு இறக்கவா, சாப்பிடவா என்பதை ஓட்டுநரே சொல்ல வேண்டும். ஜாக்கமோ டல்லா கியாராவும் லினெட் சியாவும் 2017-இல் இரண்டு பெரிய கடைத்தொகுதிகளின் இறக்குமிடங்களை ஆராய்ந்து, வரிசை நீளும்போது ஓட்டுநர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்தனர். 2020-இல் வெளியான ‘சிம்மொபிலிட்டி ஃப்ரைட்’ என்ற கணினிப் போலிகை, வணிகங்களுக்கிடையிலான ஒப்பந்தம் முதல் லாரியின் அன்றாடச் சுற்று வரை அனைத்தையும் தனித்து முடிவெடுக்கும் முகவர்களின் செயல்களாக இயக்கிப் பார்க்கிறது.

அண்மை நிலை

துவாஸ் துறைமுகம் 2022 செப்டம்பர் 1 அன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் அலகுகள் அதன் திட்டமிட்ட திறன். 2027-க்குள் தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்களின் வேலை அங்கே இடம்பெயர வேண்டும் என்பது திட்டம். செங்கடல் நெருக்கடியால் கப்பல்கள் சுற்றுவழியில் வந்து குவிந்ததில், கெப்பலில் மூடிவைத்திருந்த இடங்களை 2024-இல் மீண்டும் திறக்க நேர்ந்தது. அவ்வாண்டின் அளவு 41.12 மில்லியன்.